கொஞ்சம் வெளியே போய்ப் பேசிவிட்டு வருகிறோம்

1

போன மாதம் ஒரு மனிதர் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார், நான் எழுந்து நின்றுவிட்டேன். இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அதுதான்.

நான் நோர்வேயில் பேர்கன் நகரத்தில் ஒரு சலவை ஆலையில் வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் வண்டி வண்டியாக வரும். துவைத்து, அழுத்தி, மடித்துத் திருப்பி அனுப்புவோம். எங்கள் பிரிவில் தொழிலாளர் பிரதிநிதியாக இருந்த பெரியவர் ஓய்வு பெற்றுப் போனபோது, "நீதான் வாய் மூடாமல் பேசுகிறாய், நீயே இரு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். இந்த நாட்டில் ஒருவரைத் தெரிவு செய்தால் அப்படியே விட்டுவிட மாட்டார்கள், பயிற்சிக்கு அனுப்புவார்கள். பயிற்சிக்கு ஒரு விண்ணப்பம், விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதற்கு ஒரு கடிதம், அந்தக் கடிதம் கிடைத்தது என்று சொல்ல இன்னொரு பத்திரம். எல்லாம் நிரப்பி முடித்த பிறகு கடலோர ஹோட்டல் ஒன்றில் மூன்று நாள் வகுப்பு. முதலாளி தரப்போடு மேசையில் உட்கார்ந்து எப்படிப் பேசுவது, கூட்டாகப் பேரம் பேசி எப்படி ஒப்பந்தம் எழுதுவது என்பதுதான் பாடம். "சமூக உரையாடல்" என்று அழகான பெயர் வேறு.

என் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தவர். கோப்பாய். "பேரம் பேசுறதுக்கும் வகுப்போ?" என்று சிரித்தார். "நீர் மீன்கடையில கதைக்கிறதை அவையள் ஒருக்கா வந்து கேட்டால், உம்மட்டைத்தான் படிக்க வருவினம்." நானும் கொஞ்சம் அந்த மிதப்பில்தான் போனேன்.

முதல் நாளே நாடகம். பாதிப் பேர் தொழிலாளர் தரப்பு, பாதிப் பேர் நிர்வாகத் தரப்பு. இயக்குநராக நடித்தவர் ஒரு பஸ் சாரதி. கோட்டும் இல்லை, கழுத்துப்பட்டியும் இல்லை, பழைய கம்பளிச் சட்டைதான். அவர் கதவைத் திறந்து வந்த அந்த நொடியில் என் கால் இரண்டும் என்னைக் கேட்காமலே எழுந்துவிட்டன. மற்றவர்கள் எல்லாரும் கோப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடி என்னையே பார்த்தார்கள். வகுப்பு நடத்திய இங்கெர் என்ற நெட்டைப் பெண், "எங்கேயாவது போகிறாயா?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். கழிப்பறை எந்தப் பக்கம் என்று சொல்வதற்குக் கையைக்கூடத் தூக்கிவிட்டாள்.

எனக்கு முகம் எரிந்தது. நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்தை நடத்தும் தொரை வந்தால் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டோம். ஆபிசுக்குள்ளே போய்ப் பேசுவதும் கிடையாது, ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேச்சு. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் லீவு கேட்டு என் அம்மா அந்த ஜன்னலில் நின்றதை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே இருந்த கிளாக்கர் தலையைத் தூக்கவே இல்லை. நான் நோர்வேக்கு வந்து, மொழி படித்து, குடியுரிமையும் எடுத்துவிட்டேன். என் முழங்கால் மட்டும் இன்னும் விசா எடுக்கவில்லை போலிருக்கிறது. அந்த மூன்று நாளும் எனக்கு என் மீதே கோபமாக இருந்தது.

2

வகுப்பு முடிந்து வந்த வாரமே தங்கச்சி போன் எடுத்தாள்.

தனலெட்சுமி, எங்களுக்குத் தனம். நான் பிறந்த அதே தோட்டத்தில், அதே மேல் டிவிஷனில் கொழுந்து எடுக்கிறாள். புருஷன் கொழும்பில் கடையொன்றில் நிற்கிறார், மாதம் ஒரு தடவை வருவார். நெடுநாள் காத்திருந்து பிறந்த பெண் குழந்தை கவிஷா. இன்னும் பால்குடி மறக்கவில்லை.

"அக்கா, புள்ளக்காம்பராவ மூடப் போறாங்களாம்."

பிள்ளைக்காம்பரா என்றால் வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். மேல் டிவிஷனில், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு, போகிற வழியில் பிள்ளையை விடலாம். பத்து மணிக்கு மலையிலிருந்து இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி ஏறலாம். இப்போது பிள்ளைகள் குறைந்துவிட்டார்களாம், ஆயம்மாவுக்கும் வயதாகிவிட்டதாம். அதனால் கீழ் டிவிஷன் காம்பராவோடு சேர்த்துவிடப் போகிறார்களாம். கீழ் டிவிஷனுக்குப் போய்வருவது என்றால் செங்குத்தான இறக்கம், அட்டைக்கடி, மழை நாளில் வழுக்கும் படி. பிள்ளையை அங்கே விட்டுவிட்டு மேலே ஏறி வருவதற்குள் பெரட்டு முடிந்திருக்கும். பத்து மணிப் பாலுக்கு இறங்கி ஏறினால் பாதி நாள் போய்விடும்.

"நான் வேலைய விட்டு நிக்கணும் அக்கா. நின்னா பேரு வெட்டிருவாங்க. பேரு இல்லாட்டி நாம குடியிருக்கிற இந்த லயக் காம்பராவும் நம்ம கையில இருக்காது. அப்பா அம்மா இருந்த காம்பரா."

விஷயம் அதுதான். தனத்துக்கு வேலையும் போகும், தலைக்கு மேலே இருக்கிற கூரையும் போகும்.

"நீங்க போய்ப் பேசலையா?" என்றேன்.

"பேசப் போனோம்." கொஞ்சம் இழுத்தாள். "புது தொர வந்திருக்காருல்ல. முருகையா தலைவரு, நான், ராசம்மாக்கா, இன்னும் ரெண்டு பேரு. தட்டு கொண்டுபோனோம்."

"என்ன தட்டு?"

"பழம், தேங்கா, வெத்தல. மாலையும் போட்டோம்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "அடிப்பாவி! மாலையைப் போட்டுட்டு அந்தக் கையோடயே சண்டை போட முடியுமா? கழுத்துல மாலையோட நிக்கிற ஆளுகிட்ட எப்படிடீ காம்பராவ மூடாதீங்கன்னு கேப்ப?"

"கேக்கல. அவரு கும்புட்டாரு. ஒங்க கஷ்டம் எனக்குத் தெரியும்னாரு. எல்லாம் பாத்துக்கலாம்னாரு. நாங்களும் சரிங்கன்னு வந்துட்டோம்."

"சரிங்க!"

"கத்தாத அக்கா. நீ அங்க சோபாவுல உக்காந்துகிட்டு பேசுற. புது தொர வந்தா மால போடுறது வழக்கம். போடலேன்னா அது ஒரு பேச்சாயிரும். அப்புறம் யாரு பேரு கெடும்? எங்க பேருதான்."

அவள் சொன்னதும் நியாயம்தான். அந்த மாலை வாடுவதற்குள் காம்பராக் கதவில் மூடுகிற அறிவித்தலை ஒட்டிவிட்டார்கள் என்று அவள் பிறகுதான் சொன்னாள். முருகையா தலைவர், தோட்டத்துச் சங்கத்தின் தலைவர் அவர், மறுபடி ஒரு தேதி கேட்டு வாங்கியிருந்தார். அடுத்த வியாழக்கிழமை. இந்தத் தடவை பெண்கள் விஷயத்தைப் பெண்ணே பேசட்டும் என்று எல்லாரும் தனத்தைக் காட்டிவிட்டார்கள்.

"எனக்குப் பயமா இருக்கு அக்கா. நீ படிச்சிட்டு வந்தியே, அத எனக்குச் சொல்லிக் குடு."

3

இதைப் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த என் மகள் அபி, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு நோர்வே மொழியில் கேட்டாள்: "இதற்கெல்லாம் அரசாங்க அதிகாரி இல்லையா? ஒரு மின்னஞ்சல் போட்டால் வந்து பார்ப்பார்கள்தானே?"

அவளுக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. வராது என்றால், பேசினால் தன் குரல் தனக்கே வேறு யாருடைய குரலோ போலக் கேட்கிறதாம். நான் வற்புறுத்தி வற்புறுத்தி அலுத்துவிட்டேன்.

"அதிகாரி இருக்கிறார்" என்றேன். சித்தி ஏற்கெனவே பசறைக்கு நடந்து, அங்கிருந்து பஸ் ஏறிப் பதுளைக்குப் போனதைச் சொன்னேன். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுத்தான் போனாள். அங்கே அரசாங்கக் கந்தோரில் கடிதத்தைச் சிங்களத்தில் எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். எழுதிக்கொண்டு போன அன்றைக்கு அதைப் பொறுப்பெடுக்கிறவர் கூட்டத்துக்குப் போயிருந்தார்.

"பிறகு?"

"பிறகு என்ன, வரச் சொன்னார்கள்."

அவள் முகத்தில் வந்தது இரக்கம் இல்லை, நம்பிக்கையின்மை. நான் ஏதோ கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாள். ஒரு கடிதம் போட்டால் பதில் வரும் என்கிற ஊரில் வளர்ந்த பிள்ளை. அவள் அப்படி வளர வேண்டும் என்றுதான் நானும் இங்கே கிடந்து பாடுபட்டேன், அதைப் பார்த்து எனக்கே எரிச்சல் வந்தால் எப்படி? வந்தது. மறைக்கவில்லை.

4

மதியம் எனக்குச் சாப்பாட்டு நேரம், தனத்துக்குக் கொழுந்து நிறுத்து முடிந்த நேரம். சலவை ஆலையின் பின்பக்கத்தில், அழுக்குத்துணி வண்டிகள் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டு வாட்ஸ்அப்பில் வகுப்பு எடுத்தேன். முதல் நாள் நாடகம். நான் தொரை.

"என்ன விஷயம்? சீக்கிரம் சொல்லுங்க. எனக்குப் பண்டாரவளைக்குப் போகணும்."

நான் இன்னும் கொஞ்சம் குரலைக் கடுப்பாக்கினேன். எனக்கு அது நன்றாகவே வந்தது, சின்ன வயதிலிருந்து கேட்ட குரல்தானே. கடைசியில் தனம், "அக்கா, நீ இப்படிப் பேசாத, எனக்கு அழுக வருது" என்றாள்.

"அழுதா காம்பரா மூடிரும்டீ."

"அதுக்கில்ல. இந்தத் தொர இப்படிப் பேச மாட்டாரு. நீ அந்தக் காலத்துத் தொர மாதிரி பேசுற. இங்க குடு, நான் தொரயா இருக்கேன். நீ தனமா இரு."

மறுநாள் மாற்றி நடித்தோம். நான் குரலைக் கனைத்துக்கொண்டு, பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி, எங்கள் கோரிக்கை இது, காரணம் இது என்று அடுக்கினேன். தனம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு தேன் வழியும் குரலில் ஆரம்பித்தாள்.

"தங்கச்சி, ஒங்க கஷ்டம் எனக்கு வெளங்குது. எனக்கும் சின்னப் புள்ளைங்க இருக்கு. டீ குடிச்சீங்களா? உக்காருங்க, உக்காருங்க. நான் ஒங்களுக்கு எதிரா எதுவும் செய்ய மாட்டேன். கொஞ்ச நாளைக்கு இப்படிப் போய்ப் பாப்போமா? சரியில்லாட்டி மாத்திருவோம். சரிதானே?"

"சரிங்க" என்றேன்.

என் வாயால்! சான்றிதழ் வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன், அந்த வாயால் சரிங்க என்றேன். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது. வண்டி தள்ளிக்கொண்டு வந்த போலந்துக்காரன் நின்று பார்த்துவிட்டுப் போனான்.

சிரித்து முடித்ததும்தான் விஷயம் விளங்கியது. திட்டுகிற தொரையிடம் எப்படி நிற்பது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும், பரம்பரையாகப் பழக்கம். அன்பாகப் பேசுகிறவரிடம் நாங்கள் விழுந்துவிடுகிறோம். நம்மையும் மனிதராக மதித்து நாற்காலி கொடுத்தாரே என்ற நன்றியிலேயே, கேட்க வந்ததை விட்டுக்கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

அப்போதுதான் இங்கெர் சொல்லித் தந்த ஒன்று ஞாபகம் வந்தது. பேச்சுவார்த்தை நடக்கும்போது எந்தத் தரப்பும் எந்த நேரத்திலும் இடைவேளை கேட்கலாம். "நாங்கள் கொஞ்சம் வெளியே போய்ப் பேசிவிட்டு வருகிறோம்" என்று சொன்னால் போதும், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். "கேட்டால் முதலாளி கோபிக்க மாட்டாரா?" என்று நான் வகுப்பில் கேட்டிருந்தேன். இங்கெருக்கு என் கேள்வி விளங்கவே இல்லை. "அவருக்கு என்ன, அந்த நேரத்தில் கோப்பி குடிப்பார்" என்றாள்.

தனத்திடம் சொன்னேன். "அவரு கோபப்பட்டா நீ பாத்துக்குவ. அன்பா ஏதாவது தரேன்னு சொன்னாருன்னா, உடனே பதில் சொல்லாத. வெளிய வந்துரு."

"தொரய உக்கார வச்சிட்டு நாங்க வெளிய போறதா?"

"ஆமா."

"காத்துக்கிட்டு இருப்பாரா?"

"இருக்கட்டும்."

கூடையை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொல்லு, நான் பழகிக்கிறேன்" என்றாள். அந்த வாரம் முழுக்கக் கொழுந்து எடுக்கும்போது செடிகளிடம் அதைச் சொல்லிப் பார்த்ததாக, அவளுக்குப் பக்கத்தில் கொழுந்து எடுக்கும் ராசம்மாக்கா எனக்குச் சொன்னார்.

5

வியாழக்கிழமை அவள் போன் எடுக்கும்வரை நான் விரிப்புகளைத் தப்புத் தப்பாக மடித்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வையாளர் இரண்டு முறை திருப்பி அனுப்பினார். நடந்ததைத் தனம் சொன்னபடியே சொல்கிறேன்.

ஆபிசுக்குள்ளே கூப்பிட்டார்களாம். நாற்காலி போட்டிருந்ததாம். "நான் நல்லா சாஞ்சு உக்காந்தேன் அக்கா, நீ சொன்ன மாதிரி. ராசம்மாக்கா மட்டும் நுனியில உக்காந்துச்சு." பீங்கான் கோப்பையில் டீ வந்தது. தனம் காம்பராவை மூடக் கூடாது என்று சொன்னாள். பத்து மணிப் பாலைப் பற்றிச் சொன்னாள். விடாமல் சொல்லி முடித்தாள்.

தொரை கோபப்படவில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு, "இங்க பாருங்க தங்கச்சி, நடந்து போறதுதானே கஷ்டம்? நான் ட்ரக்டர் தாறேன். காலையில புள்ளைங்கள ஏத்திக் கீழ் டிவிஷன்ல விட்டுட்டு, பின்னேரம் கொண்டுவந்து விடுவாங்க. நீங்க எறங்கவே தேவையில்ல. இப்ப சந்தோஷமா?" என்றார்.

"எனக்கு நெஞ்சே குளுந்து போச்சு அக்கா. நமக்குன்னு ட்ரக்டர் விடுறேன்னு எந்தத் தொர சொல்லியிருக்காரு? சரிங்கன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்திருச்சு. மத்தவங்க மூஞ்சியப் பாக்குறேன், எல்லாம் மலர்ந்து போயிருக்கு. அப்பதான் நீ சொன்னது உறைச்சிச்சு."

எழுந்தாள். "கொஞ்சம் வெளிய போயி பேசிட்டு வாறோங்க" என்றாள்.

முருகையா தலைவர் பதறிவிட்டார். "இதுல பேச என்னம்மா இருக்கு? தொர இவ்வளவு பெரிய மனசு பண்ணிச் சொல்றாரு, உக்காரு." தொரை கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். தனம் கும்பிட்டுவிட்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லையாம், பார்த்தால் உட்கார்ந்துவிடுவோம் என்று பயமாம். வாசலைத் தாண்டியதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ராசம்மாக்கா. அதற்குப் பின்னால் மற்ற இருவரும். கடைசியாக, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே தலைவர்.

வெளியே ரோசாப் பாத்திக்குப் பக்கத்தில் நின்றார்கள். உள்ளே தொரை தனியாக இருக்கிறார் என்ற நினைப்பே எல்லாருக்கும் காய்ச்சல் மாதிரி இருந்திருக்கிறது. பிறகு ராசம்மாக்காதான் வாய் திறந்தார். "ட்ரக்டர் நல்லதுதான் தனம். ஆனா புள்ள கீழ போயிட்டா பத்து மணிக்கு யாரு பால் குடுப்பா?" அதோடு எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். மழை நாளில் ட்ரக்டர் வருமா, ஓட்டுகிறவன் லீவு போட்டால் என்ன, காய்ச்சல் பிள்ளையை யார் திருப்பிக் கொண்டுவருவது. முருகையா தலைவரும் ஒன்று சொன்னார், கீழ்க் காம்பராவிலேயே இடம் காணாது என்று. உள்ளே வாயைத் திறக்காதவர்கள் எல்லாம் வெளியே போட்டி போட்டுப் பேசினார்கள்.

உள்ளே போனார்கள். தொரை அதே நாற்காலியில் இருந்தார்.

தனம் சொன்னாள்: "புள்ளைங்க ட்ரக்டர்ல போயிரும்ங்க. பாலு போகாதுங்க."

சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாள். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள் என்று அதையும் சொல்லியிருந்தேன். தொரையும் பேசவில்லை. தலைவர் இடையில் எதையோ சொல்ல வாயெடுத்தார். ராசம்மாக்கா அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். கடைசியில் தொரைதான் பெருமூச்சு விட்டார். மேல் டிவிஷன் காம்பரா அங்கேயே இருக்கும், ஆயம்மா ஓய்வு பெற்றால் அதே இடத்துக்கு வேறு ஆளைப் போடுவோம், பத்து மணிக்குத் தாய்மார் இறங்கி வரலாம் என்றார்.

"அதத் தமிழ்ல எழுதித் தந்துட்டா நல்லதுங்க" என்றாள் தனம்.

"என்ன தங்கச்சி, என்னை நம்ப இல்லையா?"

"ஒங்கள நம்புறோங்க. நீங்க மாத்தலாகிப் போயிட்டா வாற தொர யாருன்னு எங்களுக்குத் தெரியாதுங்களே."

இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இங்கெரும் சொல்லிக் கொடுக்கவில்லை. போனைக் காதில் வைத்தபடி நான் அழுக்குத்துணி வண்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். கிளாக்கர் எழுதி, சத்தமாக வாசித்து, எல்லாரும் கையெழுத்து வைத்தார்கள். "தொர காத்துக்கிட்டு இருந்தாரு அக்கா" என்று மட்டும் மறுபடி மறுபடி சொன்னாள். அன்று வீட்டுக்குப் போய் அபிக்கு முழுக் கதையும் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "வெளியே போய்ப் பேசியது ஒரு பெரிய விஷயமா?" என்றாள். ஆமாம், பெரிய விஷயம் என்றேன். எப்படிப் பெரிது என்று எந்த மொழியிலும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

6

இதோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் இதை வாசிக்கிற நீங்கள் தோட்டத்திலேயே இருப்பவர்கள், மறுநாள் ஒன்று நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

மறுநாள் பெரட்டில் கங்காணி ஒவ்வொருவருக்கும் மலை பிரித்தார். எல்லாரையும் பக்கத்து மலைக்கு அனுப்பினார். தனத்தை மட்டும் உச்சிக்கு, பாறைக்குக் கீழே இருக்கிற அந்தச் செங்குத்து மலைக்கு. அங்கே கொழுந்தும் குறைவு, அட்டையும் அதிகம், நின்று எடுக்கக் காலுக்கும் பிடிமானம் கிடையாது. யாருடைய வேலை இது என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நான்தானே இவளைக் கிளப்பிவிட்டேன், அடி வாங்குவது அவள். இங்கே சங்கத்தில் சொல்கிறேன், கொழும்புக்குக் கடிதம் போடுகிறேன், அந்தக் கங்காணியின் நம்பரைக் கொடு, நானே பேசுகிறேன் என்று போனில் கத்தினேன். வீட்டுக்காரர் பயந்துபோய் வந்து, "என்னப்பா நடந்தது?" என்று பார்த்தார்.

தனம் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள். அந்தப் பொறுமையை எங்கே கற்றாள் என்று தெரியவில்லை.

"கத்தி முடிச்சிட்டியா? இப்ப நான் சொல்றேன், கேளு. காலையில புள்ளயக் காம்பராவுல விட்டுட்டுத்தான் ஏறுனேன். பத்து மணிக்குக் கூடைய எறக்கி வச்சேன். கங்காணி கீழ நின்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. எங்க போறன்னு கேட்டாரு. பாலு குடுக்கன்னு சொல்லிட்டு எறங்குனேன். அவரு ஒண்ணும் சொல்லல. குடுத்துட்டு மறுபடி ஏறுனேன்."

"அவ்வளவு தூரமாடீ?"

"தூரந்தான்" என்றாள். "எந்த மலைக்கு வேணும்னாலும் அனுப்பட்டும் அக்கா. பத்து மணிக்கு நான் எறங்கி வருவேன்."